மேற்பரப்பும் மாத்திரையும்

நிக்கல் அதிகமுள்ள கேத்தோடு தூளுக்குச் சென்னைக் காற்று ஆகாது. ஐப்பசி, கார்த்திகையில் சுத்தமாக ஆகாது. லித்தியத்தோடு நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் சேர்ந்த கறுப்பு ஆக்சைடு அது. மின்சாரக் கார் பேட்டரிகள் பலவற்றில் இருப்பது இந்த வகைதான். நிக்கல் பங்கைக் கூட்டக் கூட்ட ஒரு கிலோவுக்குள் அடங்கும் மின்சாரமும் கூடும். அதோடு காற்றைத் தாங்காத குணமும் கூடும். பையைப் பிரித்து மேசையில் வைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தால், பார்வைக்குத் தூள் அப்படியேதான் இருக்கும். ஆனால் அதற்குள் மேற்பரப்பில் இருக்கும் லித்தியம் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து ஹைட்ராக்சைடாகவும், கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து கார்பனேட்டாகவும் மாறத் தொடங்கியிருக்கும்.

இந்த மேல்தோலைப் பார்ப்பதுதான் என் வேலை. துகளின் உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதை வேறு ஆட்கள் பார்ப்பார்கள். எனக்குச் சில நானோமீட்டர் போதும்.

மேற்பரப்பில் படிந்த இந்த மிச்சத்தை ‘ரெசிடுவல் லித்தியம்’ என்போம். கொஞ்சம்தானே என்று விட முடியாது. கேத்தோடு தூளை அலுமினியத் தகட்டில் பூச, என்.எம்.பி. என்ற கரைப்பானில் பி.வி.டி.எஃப். என்ற பிசினைக் கரைத்து, அதில் தூளைக் கலக்க வேண்டும். தூளின் காரத்தன்மை அதிகமானால் அந்தப் பிசினிலிருந்து ஹைட்ரஜனையும் ஃப்ளோரினையும் பிடுங்கிவிடும்; பிசின் இழைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். காலையில் ஒழுகிய கலவை மாலையில் அல்வா பதத்துக்கு வந்துவிடும். “ஸ்லர்ரி செட் ஆயிருச்சு மேடம்” என்று பூச்சு இயந்திரத்துக்காரர் போன் செய்தால், தவறு அவருடையதில்லை, எங்கள் பக்கத்துத் தூளினுடையது என்று எனக்குத் தெரிந்துவிடும். தப்பித்தவறிப் பூச்சு முடிந்து செல்லாக மாறிவிட்டாலும், அதிக மின்னழுத்தத்தில் கார்பனேட் சிதைந்து வாயுவாகி, பை போன்ற செல்லை உப்ப வைக்கும்.

இதை அளக்கும் டைட்ரேஷன் பழைய முறை. கல்லூரி ஆய்வகத்தில் பியூரெட்டும் பிப்பெட்டும் பிடித்தவர்களுக்குப் பழகியது. தூளைத் தண்ணீரில் கலக்கி, வடிகட்டி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பிஎச் ஏறக்குறைய 8.3இல் ஒரு தடவை சரியும். அதற்குள் ஹைட்ராக்சைடு முழுக்கத் தீர்ந்து, கார்பனேட் பைகார்பனேட்டாகியிருக்கும். நாலரை அருகே இன்னொரு தடவை சரியும். அங்கே பைகார்பனேட்டும் தீர்ந்துவிடும். இரண்டாவது கட்டத்தில் செலவான அமிலம் கார்பனேட்டின் கணக்கு. அதே அளவை முதல் கட்டத்திலிருந்து கழித்தால் மிஞ்சுவது ஹைட்ராக்சைடு. வார்டர் முறை என்று பெயர்.

இதில் ஒரு பொறி உண்டு. தண்ணீர் சும்மா இருப்பதில்லை. தூளைக் கலக்கிக்கொண்டே இருந்தால், மேலே படிந்ததைக் கரைத்த பிறகு, துகளுக்குள்ளிருக்கும் லித்தியத்தையும் தண்ணீர் இழுக்கும். அந்த இடத்தில் ஹைட்ரஜன் அயனி போய் உட்காரும். கலக்கும் நேரம் கூடினால் காட்டும் அளவும் கூடும். அதனால் இரண்டு ஆய்வகங்கள் ஒரே தூளுக்கு இரண்டு விடை சொன்னால், சண்டை போடுவதற்கு முன்னால் எவ்வளவு தண்ணீர், எத்தனை நிமிடம் என்று கேட்க வேண்டும். இந்தத் தொழிலில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்த ஒன்றுதான். பார்ப்பதற்காகச் செய்யும் காரியமே பார்க்கப்படும் பொருளை மாற்றிவிடுகிறது.

ஆனோடு பக்கம் போனால் இது இன்னும் கடுமை. லித்தியம் அயான் செல்லை முதல் தடவை சார்ஜ் செய்யும்போது கிராஃபைட்டின் மேல் எலக்ட்ரோலைட் சிதைந்து ஒரு படலம் படிகிறது. 1979இல் இமானுவேல் பெலெட் இதற்கு வைத்த பெயரின் சுருக்கம் எஸ்.இ.ஐ. லித்தியம் அயனியை விடும், எலக்ட்ரானை விடாது. இந்தப் படலம் ஒழுங்காகப் படியாவிட்டால் பேட்டரியே கிடையாது. புரோப்பிலீன் கார்பனேட்டுக்கும் எத்திலீன் கார்பனேட்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு மீத்தைல் தொகுதி. முன்னது கிராஃபைட்டை ஏடு ஏடாக உரித்துவிடும். பின்னது படலம் போட்டுக் காப்பாற்றும். 1991இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் செல்லில் கிராஃபைட் இல்லை, கோக் கரிதான் இருந்தது. அப்புறம்தான் எத்திலீன் கார்பனேட்டின் துணையோடு கிராஃபைட் வந்தது. படலம் இலவசமில்லை. முதல் சார்ஜில் உள்ளே போகும் லித்தியத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத் தின்றுதான் உருவாகும்.

அந்தப் படலத்தைப் பார்க்க எக்ஸ்.பி.எஸ். கருவிக்குள் வைப்போம். எக்ஸ் கதிர் பட்டு வெளியே தெறிக்கும் எலக்ட்ரான்களின் ஆற்றலை அளந்தால், மேலே பத்து நானோமீட்டருக்குள் என்ன இருக்கிறது என்று தெரியும். ஆனால் செல்லைப் பிரித்ததும் ஆனோடைக் கழுவ வேண்டுமா, வேண்டாமா? கழுவினால் படலத்தின் ஒரு பகுதி கரைந்து போகும். கழுவாவிட்டால் எலக்ட்ரோலைட் உப்பு காய்ந்து மேலே படிந்து எல்லாவற்றையும் மறைக்கும். ஆழம் பார்க்கலாம் என்று ஆர்கான் அயனியால் சுரண்டினால், சுரண்டும் வேகத்தில் லித்தியம் கார்பனேட் லித்தியம் ஆக்சைடாகிவிடும். பிறகு “ஆழத்தில் ஆக்சைடு இருக்கிறது” என்று கட்டுரை எழுதுவார்கள். அப்படி எழுதப்பட்டவற்றை நான் நிறையப் படித்திருக்கிறேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது காரைக்குடி வழியாக. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் எங்கள் ஊர்ப் பக்கம். ‘சிக்ரி’ என்றால் ஆட்டோக்காரருக்கும் தெரியும். அந்த மதில்சுவரைப் பார்த்தே வளர்ந்த பெண், வேதியியல் படித்தால் பேட்டரியில் போய் நிற்பது ஆச்சரியமில்லை.

எனக்கு வலிப்பு நோய் உண்டு. அது வந்தது எம்.எஸ்ஸி. படிக்கும்போது. முதலில் அது வலிப்பு என்றே யாருக்கும் தெரியவில்லை. அடிவயிற்றிலிருந்து ஏதோ மேலே எழும்பும். நடந்துகொண்டிருப்பது முன்பே நடந்தது போல் இருக்கும். பிறகு சில நொடிகள் நான் இருக்க மாட்டேன். வாய் எதையோ மெல்லும், கை துப்பட்டாவின் நுனியைத் திருகும் என்று தோழிகள் சொல்லித்தான் தெரியும். வீட்டில் “பராக்குப் பார்க்கிறாள்” என்றார்கள். ஒரு நாள் பேருந்து நிலையத்தில் அது உடல் முழுக்கப் பரவி விழுந்த பிறகு பெயர் கிடைத்தது. கண் விழித்தபோது கையில் யாரோ திணித்த இரும்புச் சாவிக்கொத்து. இரும்பால் எதுவும் ஆவதில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் உதவி. ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரி.

எம்.ஆர்.ஐ.யில் மூளையின் இடது பொட்டுப் பக்கத்தில், ஹிப்போகேம்பஸ் என்ற இடத்தில், ஒரு தழும்பு. அம்மா மருத்துவரிடம் கேட்ட முதல் கேள்வி, “இதை வெளியே சொல்லணுமா சார்?” 1999 வரை இந்து திருமணச் சட்டத்திலேயே வலிப்பு ஒரு தடைக் காரணமாக எழுதப்பட்டிருந்தது. சட்டத்திலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். எங்கள் தெருவிலிருந்து யாரும் எடுக்கவில்லை. பெரியம்மாவோ, “நீ அந்த லித்தியத்தைத் தொடுறதாலதான்” என்றார். நான் லித்தியத்தைத் தொடத் தொடங்கியது நோய் வந்த பிறகு. ஆர்கான் நிரப்பிய கிளவ் பாக்ஸுக்குள், தடித்த ரப்பர் கையுறைக்கு வெளியேதான் எப்போதும் அது இருந்தது. இருந்தாலும் பெரியம்மாவின் சந்தேகத்துக்கு ஒரு பின்னணி உண்டு. நான் தூளின் மேல் அளக்கும் அதே லித்தியம் கார்பனேட்தான், 1949இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு மனநல மருத்துவத்தில் மாத்திரையாக வந்தது.

எனக்கு முதலில் கொடுத்தது லெவெடிரசிட்டாம். வலிப்பு குறைந்தது, கோபம் கூடியது. அம்மா தட்டில் இரண்டாவது தோசை வைத்ததற்காக நான் கத்திய கத்தல் பக்கத்து வீடு வரை கேட்டது. இந்த மருந்துக்கு அந்தக் குணம் சிலரிடம் உண்டு என்று மருத்துவர் சொல்லி, டோப்பிரமேட்டுக்கு மாற்றினார். 1979இல் புரூஸ் மாரியானாஃப் என்ற வேதியியலாளர் சர்க்கரை நோய்க்கு மருந்து தேடும்போது, ஃப்ரக்டோஸ் சர்க்கரையிலிருந்து செய்த மூலக்கூறு அது. 25 மில்லிகிராமில் தொடங்கி வாரம் வாரமாக ஏற்றினோம்.

வலிப்பு கிட்டத்தட்ட நின்றது. அதற்கான விலையை நான் முதலில் உணர்ந்தது சோடாவில். பன்னீர் சோடா சப்பென்று, வெறும் இனிப்புத் தண்ணீராக இறங்கியது. கடைக்காரரிடம் கேஸ் போய்விட்டது என்று சண்டை போட்டேன். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கார்பன் டை ஆக்சைடையும் தண்ணீரையும் சேர்த்து அமிலமாக்கும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதியை டோப்பிரமேட் தடுக்கிறது. சோடாவின் சுரீரை நாக்கு உணர்வதே அந்த நொதியால்தான். காலையில் பியூரெட்டில் கார்பனேட், மாலையில் நாக்கில் கார்பனேட்! வேதியியல்காரிக்கு இதைவிட விளக்கமான பக்கவிளைவு கிடைக்காது.

விரல் நுனிகளின் குறுகுறுப்பும் இந்த மருந்தோடு வருவதுதான். அது சிரிக்க வைக்கவில்லை. காயின் செல் கட்டுவது கையால் செய்யும் வேலை. 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் உயரமுள்ள கிண்ணத்துக்குள் கேத்தோடு வட்டு, செப்பரேட்டர், லித்தியம் வட்டு, ஸ்பேசர், ஸ்பிரிங் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று நடு பிசகாமல் உட்கார வேண்டும். வட்டு அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் அந்தச் செல்லின் எண்ணை நம்ப முடியாது. கனத்த கையுறைக்குள் ஏற்கெனவே பாதித் தொடுவுணர்வு போயிருக்கும். மிச்சத்தையும் குறுகுறுப்பு எடுத்துக்கொண்டது. நான் தொடுவதை விட்டுப் பார்ப்பதற்கு மாறினேன். ஒவ்வொரு அடுக்கையும் வைத்ததும் மேலிருந்து ஒரு பார்வை, பக்கத்திலிருந்து ஒரு பார்வை. வேகம் குறைந்தது. செல்கள் கெடவில்லை.

பிறகு சொற்கள் போகத் தொடங்கின.

வாராந்தரக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கிறேன். “கேத்தோடு பக்கத்திலிருந்து கரைஞ்ச மாங்கனீஸ் அந்த... நடுவுல வைப்போமே...” கை இரண்டு தகட்டுக்கு நடுவே எதையோ செருகிக் காட்டுகிறது. அது பாலிப்ரோப்பிலீன் என்று தெரியும். 25 மைக்ரான் தடிமன் என்று தெரியும். துளைகள் எந்த வாக்கில் இழுபட்டிருக்கும் என்பதுகூடக் கண்முன் நிற்கிறது. செப்பரேட்டர் என்ற சொல் மட்டும் வரவில்லை. ஜூனியர் பையன் எடுத்துக் கொடுத்தான். அடுத்த வாரம் ‘டைட்ரேஷன்’ வரவில்லை. மனக்கணக்காகப் போட்டுக்கொண்டிருந்த வார்டர் கழித்தலைத் தாளில் போட வேண்டியிருந்தது. முதல் அளவை எழுதுவதற்குள் இரண்டாவது அளவு நழுவியது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எனக்குப் புரிவது குறையவில்லை. எக்ஸ்.பி.எஸ். வரைபடத்தில் ஓர் உச்சி அரை எலக்ட்ரான் வோல்ட் தள்ளி நின்றால் அது மின்னூட்டம் சேர்ந்ததாலா, புதிய சேர்மத்தாலா என்று பிரிக்கும் புத்தி அப்படியே இருந்தது. எழுதினால் வந்தது, பேசினால் வரவில்லை. எதிரே இருப்பவர்களுக்கு அந்த வேறுபாடு தெரியாது. திக்கிப் பேசுகிறவளுக்கு விஷயம் தெரியாது என்றே எடுத்துக்கொள்வார்கள்.

அப்போது நான் வேலை பார்த்த இடத்தில் மேலாளர் என்னைக் கூட்டங்களில் பேசுவதிலிருந்து எடுத்துவிட்டார். என் அளவீடுகளை இன்னொருவர் படித்துக் காட்டினார். நல்லெண்ணத்தோடு செய்ததாகத்தான் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடில்லை. நான் கேட்ட கட்டுப்பாடு வேறு. 750 டிகிரியில் ஆக்சிஜன் ஓடும் குழாய் உலைக்குப் பக்கத்தில் நான் தனியாக நிற்கக் கூடாது. இரவு ஷிஃப்ட் கூடாது, ஏனென்றால் தூக்கம் கெட்டால் வலிப்பு வரும். கிளவ் பாக்ஸில் கை விட்டிருக்கும்போது அறையில் இன்னொருவர் இருக்க வேண்டும். இவையெல்லாம் நியாயம். வாயில் சொல் தாமதமாக வருவது யாரையும் சுடாது.

எது மருந்தால், எது நோயால் என்பதுதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி. இடது பொட்டுப் பகுதி பெயர்களைத் தேடி எடுக்கும் இடத்துக்குப் பக்கம். அங்கே தழும்பு இருந்தால் மாத்திரையே போடாதவர்களுக்கும் பெயர் மறக்கும். வலிப்பு வந்த மறுநாள் மூளை மந்தமாக இருக்கும். சிலருக்கு வெளியே தெரியாத மின்பொறிகள் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். பயமும் தூக்கக் குறைவும் தம் பங்கைச் சேர்க்கும். டோப்பிரமேட் சொல்லோட்டத்தைக் குறைக்கும் என்பது மருத்துவத்தில் நன்றாகப் பதிவான விஷயம்தான். ஆனால் என்னிடம் குறைந்ததில் அதன் பங்கு எவ்வளவு? ஆய்வகத்தில் என்றால் ஒரே பேட்ச் தூளை இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்குப் பூச்சுக் கொடுத்து, இன்னொன்றைச் சும்மா வைத்து ஒப்பிடுவேன். எனக்கு இரண்டாவது நான் கிடையாது. மருந்தை நிறுத்திப் பார்க்கலாம் என்றால், ஆர்கானால் சுரண்டிப் படலத்தைப் பார்க்கிற கதைதான். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு தொடர்ந்து அடித்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதன் பிறகு எடுக்கும் எந்த அளவுக்கும் பொருளில்லை.

துறை நண்பர் ஒருவர், “மருந்தும் எஸ்.இ.ஐ. மாதிரிதானே, கொஞ்சம் கொள்ளளவைத் தின்னு மிச்சத்தைக் காப்பாத்துது” என்றார். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் நல்ல படலம் முதல் சார்ஜிலேயே பெரும்பங்கைத் தின்றுவிட்டு அடங்கிவிடும். மாத்திரை தினம் இரண்டு வேளை கேட்டது. உவமையை ஏற்றுக்கொண்டால் இழப்பையும் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். அளக்காத இழப்பை ஏற்க எனக்கு மனமில்லை.

அளப்பதற்கு வழி இருந்தது. நரம்பியல் பிரிவிலேயே நரம்பு உளவியல் நிபுணர் ஒருவர் இருந்தார். ஒரு நிமிடத்தில் ‘ப’வில் தொடங்கும் சொற்களைச் சொல்லுங்கள், ஒரு நிமிடத்தில் விலங்குகளின் பெயர், எண்களை நேராகச் சொல்லுங்கள், திருப்பிச் சொல்லுங்கள், படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லுங்கள். ‘ப’வில் பத்து, பசு, பந்து வந்ததும் வெள்ளைச் சுவர். தினமும் பொட்டாசியமும் பாலிமரும் புழங்குகிற வாய்க்கு அவைகூட வரவில்லை. அவர் முகம் மாறாமல் குறித்துக்கொண்டார். படங்களைப் பார்த்துப் பெயர் சொல்வதிலும் குறை இருந்தது. ஆனால் சொல்லோட்டத்தில் விழுந்த அளவுக்கு இல்லை. பார்வையாலும் ஏரணத்தாலும் தீர்க்கும் புதிர்கள் நல்ல நிலையில் இருந்தன. மருந்தை மாற்றிப் பார்க்க இது போதும் என்றார் மருத்துவர். அந்தச் சமயத்தில் எனக்குத் திருமணமும் நிச்சயமாகியிருந்தது. டோப்பிரமேட் கருவில் உதட்டுப் பிளவு ஏற்படும் வாய்ப்பைக் கூட்டும். வால்புரோயேட் அதைவிட மோசம். இரண்டு காரணங்களும் ஒரே திசையைக் காட்டின.

லமோட்ரிஜினுக்கு மாறினோம். அதை வேகமாக ஏற்றினால் தோலில் ஆபத்தான தடிப்பு வரக்கூடும் என்பதால் மிக மெதுவாக ஏற்ற வேண்டும். ஒன்று ஏறி நிலைக்கும் வரை இன்னொன்றை இறக்கக் கூடாது. சொட்டுச் சொட்டாக அமிலம் விட்டுப் பழகியவளுக்குப் பொறுமை பிரச்சினையில்லை. பழைய மருந்து முழுக்க இறங்கிய சில மாதங்களில் அதே நிபுணர், அதே சோதனையை, அதே வரிசையில் வைத்தார். ‘ப’ பெருகி வந்தது. படத்தின் பெயர்களில் மட்டும் பெரிய மாற்றமில்லை. சொல்லோட்டம் மருந்தின் கணக்கில், பெயர்க் குறை பெரும்பாலும் தழும்பின் கணக்கில் என்று இப்போது பிரிக்க முடிந்தது. வார்டர் முறையைப் போல இரண்டாவது அளவு கிடைத்ததும் முதலாவதன் பொருள் தெரிந்தது. இன்றும் எப்போதாவது அடிவயிற்றில் அந்த எழுச்சி வந்து போகிறது. செப்பரேட்டர் என்ற சொல்லும் எப்போதாவது மறக்கிறது. இப்போது அதற்காக நான் பேச்சை நிறுத்துவதில்லை. கையால் காட்டிவிட்டு மேலே போகிறேன்.

டோப்பிரமேட் கெட்ட மருந்து என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அதை எடுத்துக்கொண்டு ஒரு சொல்லும் இழக்காதவர்கள் இருக்கிறார்கள். லெவெடிரசிட்டாமில் ஒரு நாளும் கோபப்படாதவர்களும் இருக்கிறார்கள். என் வருத்தம் ஒன்றுதான். முதல் மாத்திரைக்கு முன்னால் எனக்கு அந்தச் சோதனை நடக்கவில்லை. அது இருந்திருந்தால், எது குறைந்தது என்று கண்டுபிடிக்க இன்னொரு மருந்துக்கு மாறும் வரை காத்திருக்க வேண்டியிருக்காது. பூச்சுக் கொடுப்பதற்கு முன் வெறும் தூளை அளக்காமல் எந்த ஆய்வகமும் வேலையைத் தொடங்குவதில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது வலிப்பு மருந்து தொடங்கப் போகிறார்கள் என்றால், அல்லது மருந்து மாறப் போகிறது என்றால், அதற்கு முன்பே நினைவுக்கும் சொல்லுக்கும் ஒரு சோதனை செய்ய முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வசதியில்லாத ஊராக இருந்தால் வீட்டிலேயே ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் வருகிறது என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். சொற்கள் நழுவினால் அதை அந்த நோட்டோடு போய் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.